காப்பகத்தின் இரவுப் பணி: பெருந்தொற்றில் நம்பிக்கையும் கூட்டுழைப்பும்

2020 ஏப்ரல் முதல் வாரத்தில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள பெரிய வீடற்றோர் காப்பகம் ஒன்றில் தங்கியிருந்த 408 பேருக்கு ஒட்டுமொத்தமாகக் கொரோனா பரிசோதனை செய்தார்கள். 147 பேருக்குத் தொற்று இருந்தது. நூற்றுக்கு 36 பேர். மருத்துவர்களை அதைவிடத் திகைக்கவைத்த செய்தி ஒன்று உண்டு. தொற்று உறுதியானவர்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேரிடம் எந்த அறிகுறியும் இல்லை. காய்ச்சல் இருந்தவர்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. அதுவரை வாசலில் நின்று உடல்வெப்பம் பார்ப்பதும், இருமுகிறவர்களைத் தனியே உட்காரவைப்பதும்தான் காவலாக இருந்தன. நோய் அந்தக் காவலைத் தாண்டி எப்போதோ உள்ளே வந்துவிட்டிருந்தது.

அதே மாதம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பாஸ்டன், சான் பிரான்சிஸ்கோ, சியாட்டில், அட்லாண்டா ஆகிய நான்கு நகரங்களின் 19 காப்பகங்களில் கிடைத்த முடிவுகளை வெளியிட்டது. தங்கியிருந்தோர் 1,192 பேரும் ஊழியர்கள் 313 பேரும் அதில் அடக்கம். ஒரே இடத்தில் பலருக்கு நோய் கண்ட பிறகு சோதித்தபோது, பாஸ்டன் ஊழியர்களில் 30 சதவீதத்தினருக்கும், சியாட்டிலில் 17 சதவீதத்தினருக்கும், சான் பிரான்சிஸ்கோவில் 16 சதவீதத்தினருக்கும் தொற்று இருந்தது. சான் பிரான்சிஸ்கோ காப்பகத்தில் தங்கியிருந்தவர்களில் அது 66 சதவீதம்.

ஊழியர் என்று அந்த அட்டவணை ஒரே பத்தியில் அடக்கியவர்கள் யார்? இரவு முழுவதும் படுக்கை வரிசைகளுக்கிடையே நடந்து பார்க்கிறவர், சமையல்காரர், கழிப்பறை கழுவுகிறவர், வாசலில் பெயர் எழுதிப் படுக்கை ஒதுக்குகிறவர், மறுநாள் காலை அரசு அலுவலகத்துக்கு மனுப் போட உதவுகிறவர். சம்பளம் குறைவு. வேலையை விட்டுப் போகிறவர்கள் எப்போதுமே அதிகம். ஒரு காலத்தில் அதே காப்பகத்தில் தங்கியிருந்து, குடியிலிருந்தோ போதையிலிருந்தோ மீண்டு, பிறகு அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவர்கள் பல காப்பகங்களில் உண்டு. மருத்துவமனைச் செவிலியர்களுக்காக மக்கள் மாலைதோறும் பால்கனியில் நின்று கைதட்டிய நாட்களில், இவர்களும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்க அரசின் இன்றியமையாப் பணியாளர் பட்டியலில் இவர்களுக்கும் இடமிருந்தது. ஆனால் முகக்கவசம் மருத்துவமனைகளுக்கே போதாமல் இருந்த அந்த வாரங்களில், காப்பகங்களின் முறை வரிசையின் கடைசியில்தான் வந்தது.

வீட்டில் இருங்கள் என்று எல்லாருக்கும் சொல்லப்பட்ட காலம் அது. வீடில்லாதவர்களோடு இருக்க இவர்கள் தினமும் வீட்டை விட்டுக் கிளம்பினார்கள். எது அவர்களை வரவைத்தது என்பதற்கு இரண்டு பதில்கள் அடிக்கடி சொல்லப்படுகின்றன: கடவுள் நம்பிக்கை, கூட வேலை செய்கிறவர்கள். இரண்டும் உண்மை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் இரண்டையும் போற்றிப் பேசி முடித்துவிட்டால், அந்த மனிதர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதில் பாதி மறைந்துவிடும். நம்பிக்கை அவர்களை வாசல்வரை கொண்டுவந்தது. உள்ளே வந்தபின் அவர்கள் உயிரைக் காத்தவை வேறு. அச்சத்தைச் சக ஊழியரிடம் வெட்கமில்லாமல் சொல்ல முடிந்ததும், கட்டில்களுக்கு நடுவே இடம் இருந்ததும் அவற்றில் முக்கியமானவை.

அமெரிக்காவின் காப்பகங்களைப் பற்றிப் பேசும்போது மதத்தைத் தவிர்க்க முடியாது. பேய்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் 11 நகரங்களைப் பார்த்து வெளியிட்ட அறிக்கையின்படி, அங்கிருந்த அவசரக் காப்பகப் படுக்கைகளில் 58 சதவீதம் மத அமைப்புகள் நடத்தியவை. இது நீண்ட வரலாற்றின் தொடர்ச்சி. சிறைவாசம் முடித்து மனம் திரும்பிய ஜெரி மெக்காலே 1872இல் நியூயார்க்கின் வாட்டர் தெருவில் ஒரு மிஷனைத் தொடங்கினார். அந்த வழியில் பிறந்தவைதான் இன்று ஊருக்கு ஊர் இருக்கும் மீட்பு மிஷன்கள். 1865இல் வில்லியம் பூத் கிழக்கு லண்டனில் தொடங்கிய பணி பின்னர் இரட்சணிய சேனை ஆனது. நாகர்கோவிலில் கேதரின் பூத் மருத்துவமனையை நடத்திவருகிற அதே சேனைதான். 1833இல் பாரிஸில் பிரெடெரிக் ஓசானம் என்ற மாணவரும் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் தங்கள் பங்குக் கோயிலிலேயே பார்த்திருப்பார்கள். சான் பிரான்சிஸ்கோவின் மிகப் பெரிய காப்பகத்தை நடத்தியது அந்தச் சபைதான். மேலே சொன்ன 66 சதவீதத் தொற்று அங்கேதான் தெரியவந்தது.

தேதியையும் சொல்ல வேண்டும். அந்தக் காப்பகத்தில் 70 பேருக்குத் தொற்று என்று நகர மேயர் லண்டன் பிரீட் அறிவித்தது 2020 ஏப்ரல் 10ஆம் நாள். அன்று புனித வெள்ளி. அதே நாளில் பாஸ்டனில், மாநாட்டு மண்டபத்தையே மருத்துவமனையாக மாற்றிய 1,000 படுக்கை ‘பாஸ்டன் ஹோப்’ நோயாளிகளை ஏற்கத் தொடங்கியது. அதில் பாதிப் படுக்கைகள் வீடற்றவர்களுக்கு. ஈஸ்டர், யூதர்களின் பாஸ்கா, ரமலான் தொடக்கம் மூன்றும் அந்த ஏப்ரலில்தான் வந்தன. கோயில்களும் பள்ளிவாசல்களும் ஜெபக்கூடங்களும் மூடிக் கிடந்தன. ஆண்டின் மிகப் புனிதமான நாட்களில் ஆராதனைக்குப் போக முடியாத ஊழியர்கள் இரவுப் பணிக்குப் போனார்கள். தங்கள் ஊழியத்தையே ஆராதனையாக எண்ணியவர்கள் அவர்களில் இருந்திருப்பார்கள். அப்படி எண்ணுவதற்குக் கிறிஸ்தவ மரபில் ஆழமான வேர் உண்டு.

அந்த வேரின் ஓர் இழை 2020இல் பலரால் மீண்டும் வாசிக்கப்பட்டது. 1527இல் விட்டன்பெர்கில் கொள்ளைநோய் பரவியபோது பல்கலைக்கழகம் வேறு ஊருக்கு இடம்பெயர்ந்தது. மார்ட்டின் லூதர் போகவில்லை. மனைவி கத்தரீனா அப்போது கருவுற்றிருந்தார். வீட்டிலேயே நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள். கொள்ளைநோய்க்குப் பயந்து ஓடலாமா என்று பிரெஸ்லாவ் நகரப் போதகர் யோஹான் ஹெஸ் கேட்டதற்கு லூதர் எழுதிய நீண்ட பதில் அச்சாகி நிலைத்துவிட்டது. பெருந்தொற்றின்போது அதை எடுத்துக்காட்டிய பலர் ‘ஓடாதே’ என்ற பகுதியை மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். கடிதம் அப்படித் தட்டையானது அன்று. பிறரைக் காக்கும் கடமை உள்ளவர் நிற்க வேண்டும். கடமை இல்லாதவர், தன் இடத்தில் வேறு ஆள் இருப்பவர், போனால் அது பாவமில்லை என்கிறார் லூதர். மருந்தையும் முன்னெச்சரிக்கையையும் ஒதுக்கிவிட்டுக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று திரிகிறவர்களை அவர் கடுமையாகக் கண்டிக்கிறார். அவர்கள் தங்களோடு மற்றவர்களையும் கொல்கிறார்கள் என்பது அவர் வாதம். வேதம் தெரிந்த ஒரு காப்பக மேலாளர் ‘நாளைக்கு நீ வரவேண்டாம், உன் அம்மாவுக்கு வயதாகிவிட்டது, உன் இடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று ஊழியரிடம் சொல்வதற்கும் அந்தக் கடிதத்தில் இடம் இருந்தது. அந்த இடத்தை எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்பதுதான் நம்பிக்கையின் தரத்தைக் காட்டும் அளவு என்று எனக்குப் படுகிறது.

உளவியல் ஆய்வுகளும் இதே இரட்டைத் தன்மையைச் சொல்கின்றன. இன்னலில் மதம் என்ன செய்கிறது என்பதைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர் கென்னத் பார்கமென்ட். கடவுள் தன்னோடு நிற்கிறார், சபை தன்னைத் தாங்குகிறது என்று உணர்கிறவர்கள் துன்பத்தை மேலாகத் தாங்குகிறார்கள். இது தண்டனை, கடவுள் கைவிட்டார் என்று நினைக்கிறவர்கள் நம்பிக்கையே இல்லாதவர்களைவிடவும் அதிகம் நொறுங்கக்கூடும். ஆகவே ஒருவருக்குப் பக்தி எவ்வளவு என்று கேட்பதைவிட, அந்தப் பக்தி இன்றைய இழப்புக்கு என்ன விளக்கம் தருகிறது என்று கேட்பது பயனுள்ளது. காப்பக வேலையில் இந்தக் கேள்வி வேறெந்த இடத்தையும்விடக் கூர்மையானது. பத்து வருடமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகிய ஒருவர் ஆம்புலன்ஸில் ஏறிப் போய்த் திரும்பி வரவில்லை என்றால், ஊழியருக்கு இரங்கல் விடுப்பு கிடையாது. ஏனெனில் அவர் உறவினர் அல்லர். பல நேரங்களில் இறந்தவருக்கு அவரைத் தவிர உறவினர் எவரும் இருந்ததில்லை. அந்த இரவில் ஒரு ஜெபம், பெயர் சொல்லி ஒரு மெழுகுவத்தி, ஒரு நிமிட மௌனம் ஆகியவை எந்த மனநல ஆலோசனைத் திட்டமும் வந்து சேர்வதற்கு முன்பே அங்கே இருந்தன. நம்பிக்கையில்லாத ஊழியர்களும் அந்த வட்டத்தில் நிற்க முடிந்த இடங்களில் அது எல்லாருக்கும் உதவியிருக்கும்.

நம்பிக்கை சுரண்டலுக்கும் கதவு திறந்துவிடும். 2009இல் பண்டர்சன், தாம்சன் என்ற இரு ஆய்வாளர்கள் விலங்குக் காட்சிசாலைப் பராமரிப்பாளர்களைப் பற்றி எழுதிய கட்டுரை நிர்வாகவியலில் பெரிதும் பேசப்பட்டது. தங்கள் வேலையை ‘அழைப்பு’ என்று கருதியவர்கள் அதில் பெரும் நிறைவு கண்டார்கள். அவர்களே குறைந்த ஊதியத்தையும் சொந்த வாழ்க்கை இழப்பையும் அதிகம் பொறுத்துக்கொண்டார்கள். நிர்வாகம் தங்களைப் பயன்படுத்திக்கொள்கிறதோ என்ற சந்தேகமும் அவர்களுக்கு இருந்தது. அழைப்பு என்ற எண்ணமே சபைகளில் பிறந்தது. மத அமைப்பு நடத்தும் காப்பகத்தில், ஊழியத்துக்கு வந்தவர் சம்பள உயர்வு கேட்பதும், முகக்கவசம் இல்லாமல் உள்ளே போகமாட்டேன் என்பதும் விசுவாசக் குறைவாகப் பார்க்கப்படும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, சூழல் சொல்லிவிடும். அந்த மௌன அழுத்தத்தின் கீழ் வேலைக்கு வந்த ஒருவரின் வருகையை அவர் நம்பிக்கையின் வெற்றியாக எழுதுவது நியாயமாகாது.

வேலையால் மனிதர் எரிந்துபோவதைப் பற்றிய முதல் முக்கியக் கட்டுரையே இத்தகைய இடத்திலிருந்துதான் வந்தது. 1974இல் அதை எழுதிய உளவியலாளர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர், நியூயார்க்கில் போதைக்கு அடிமையான இளைஞர்களுக்கான இலவச மருத்துவ நிலையத்தில் தன்னார்வலர்களோடு உழைத்தவர். மிக அர்ப்பணிப்பு உள்ளவர்களே முதலில் எரிந்துபோகிறார்கள் என்பது அவர் கண்ட உண்மை. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அது மாறவில்லை.

கூட்டு ஆராதனைக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சுருக்கமாகவேனும் சொல்லியாக வேண்டும். மீட்பு மிஷன்களின் பழைய வழக்கம், சாப்பாட்டுக்கு முன் சிற்றாலயத்தில் பாட்டும் பிரசங்கமும். 2020 மார்ச் 10ஆம் நாள் வாஷிங்டன் மாநிலத்தின் மவுண்ட் வெர்னனில் பாடகர் குழுவொன்று ஒத்திகைக்குக் கூடியது. வந்தவர் 61 பேர்; அவர்களில் 53 பேர் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள். மூடிய அறையில் சேர்ந்து பாடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை மருத்துவ உலகம் அந்த நிகழ்விலிருந்து அறிந்தது. மிஷன்களில் பாட்டு நின்றது. தினமும் ஒவ்வொரு சபையாக வந்து இரவு உணவு பரிமாறிய தன்னார்வலர்களும் நின்றுபோனார்கள். அவர்களில் ஓய்வுபெற்ற முதியவர்கள் அதிகம், வீட்டிலிருப்பதே சரி. ஆனால் அவர்கள் செய்த வேலை எங்கும் போய்விடவில்லை. அது மாதச் சம்பள ஊழியரின் தோளில் ஏறியது. பாட்டும் இல்லை, உதவிக்கு ஆளும் இல்லை. மிச்சமிருந்தது சக ஊழியர் மட்டுமே.

இனிக் கூட்டுழைப்பு. இதைப் பற்றிப் பேசும்போது நாம் சாதாரணமாகச் சொல்லாத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்: நோய் பரவிய பாதைகளில் கூட்டுழைப்பும் ஒன்று. சியாட்டில் நகரை உள்ளடக்கிய கிங் கவுண்டியில், ஒன்றோடொன்று தொடர்புடைய மூன்று காப்பகங்களில் 2020 மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலும் சோதனை நடந்தபோது, தங்கியிருந்தவர்களில் 18 சதவீதத்தினருக்கும் ஊழியர்களில் 21 சதவீதத்தினருக்கும் தொற்று தெரிந்தது. அந்த மூன்று இடங்களுக்குள் தங்குவோரும் போய்வந்தார்கள், ஊழியர்களும் மாறி மாறி வேலை பார்த்தார்கள். ஆள் குறையும் இடத்துக்கு மற்ற இடத்திலிருந்து ஒருவர் ஓடி வந்து கைகொடுப்பது நல்ல குழுவின் அடையாளம். குறைந்த சம்பளத்துக்கு இரண்டு இடத்தில் வேலை பார்ப்பது ஏழை ஊழியரின் நிர்ப்பந்தம். கிருமிக்கு இரண்டும் ஒன்றே. ‘ஒருவருக்கொருவர் கைகொடுத்தோம்’ என்பதை மட்டும் கொண்டாடுகிற எழுத்து இந்தக் கசப்பான உண்மையை விட்டுவிடுகிறது. அந்த ஆண்டு நல்ல குழுக்கள் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது, பழக்கத்துக்கு எதிரான ஒரு பண்பை: குறிப்பிட்ட சிலரோடு மட்டும் ஒரே ஷிப்டில் நிற்பது, அடுத்த ஷிப்ட் நண்பனுடன் சேர்ந்து தேநீர் குடிக்காமல் இருப்பது, உடம்பு சரியில்லை என்றால் குழுவைக் கைவிட்டதாகக் குற்றவுணர்வு கொள்ளாமல் வீட்டில் இருப்பது.

கடைசியில் சொன்னதுதான் மிகக் கடினம். அதற்கு இரண்டு தேவை. ஒன்று சம்பளத்துடன் நோய் விடுப்பு. மற்றொன்றை ஹார்வர்டு பேராசிரியர் எமி எட்மண்ட்சனின் ஆய்வு விளக்குகிறது. 1990களில் அவர் மருத்துவமனைக் குழுக்களில் மருந்துத் தவறுகளை எண்ணினார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு நேர்மாறாக வந்தது. நல்ல குழுக்களே அதிகத் தவறுகளைப் பதிவு செய்திருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்தார்கள் என்பது அதன் பொருளாகாது; தவறை மறைக்காமல் சொல்லும் துணிவு அங்கே இருந்தது. தண்டனைக்கோ கேலிக்கோ அஞ்சாமல் வாய் திறக்க முடிகிற அந்தச் சூழலை உளவியல் பாதுகாப்பு என்ற பெயரில் விளக்கி, 1999இல் அவர் எழுதிய கட்டுரை பெரிதும் அறியப்பட்டது. காப்பகத்துக்கு அதைப் பொருத்திப் பாருங்கள். அறிகுறியே இல்லாமல் நோய் நடமாடும் இடத்தில், கழிப்பறை கழுவுகிறவர் மேலாளரிடம் ‘நேற்று என் கையுறை கிழிந்துவிட்டது’ என்றோ, ‘எனக்குச் சாப்பாட்டின் மணம் தெரியவில்லை’ என்றோ சொல்ல முடிந்தால் ஒரு மாடியே தப்பிக்கும். சொன்னால் வேலை போகும், அல்லது ‘விசுவாசம் எங்கே போயிற்று’ என்று கேட்பார்கள் என்றால் அவர் வாயைத் திறக்கமாட்டார்.

ஷிப்ட் மாறும்போது நடக்கும் பத்து நிமிடக் கூட்டம் இதனால்தான் முக்கியமானது. மிஷன்களில் அது ஜெபத்தோடு தொடங்கும். ஜெப விண்ணப்பம் கேட்கும் வழக்கம் உள்ள இடத்தில், ‘என் தங்கைக்குக் காய்ச்சல், ஜெபியுங்கள்’ என்று ஒருவர் சொல்வது இயல்பாக நடக்கும். அந்தச் செய்தியைச் சுகாதார எச்சரிக்கையாகவும் கேட்கத் தெரிந்த சூப்பர்வைசர் இருந்தால், ஜெபக் கூட்டமே நோய் கண்காணிப்பாகவும் ஆகிவிடும். மத நம்பிக்கையும் கூட்டுழைப்பும் ஒன்றையொன்று வளர்த்த இடம் இதுதான் என்று நான் கருதுகிறேன். அச்சத்தை உரக்கச் சொல்ல ஒரு மொழியை மரபு தந்தது. அதைக் கேட்டுச் செயல்பட ஓர் ஒழுங்கைக் குழு தந்தது. ஒன்றில்லாமல் மற்றொன்று பாதிதான். ஆனால் அந்தக் குழுவில் முஸ்லிம் சமையல்காரரும், மதமே வேண்டாம் என்று வந்த இளம் சமூகப் பணியாளரும் இருப்பார்கள். அவர்கள் தலைகுனிந்து ஒதுங்கி நிற்க வேண்டிய கூட்டமாக அது ஆகிவிட்டால், அவர்களிடமிருந்து வரவேண்டிய எச்சரிக்கையும் வராது.

காப்பகத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்களோடு சேர்ந்து உழைப்பது இன்னொரு சோதனை. பாஸ்டனில் வீடற்றோர் மருத்துவத் திட்டம் 1985 முதல் இயங்கிவருகிறது. அதன் மருத்துவர்களும் செவிலியர்களும் காப்பகங்களுக்குள்ளேயே வந்து பார்ப்பவர்கள். அந்த நீண்ட பழக்கம் இருந்ததால்தான் ஒட்டுமொத்தச் சோதனையை அவ்வளவு விரைவாக நடத்த முடிந்தது. சஃபோக் பல்கலைக்கழகம் தன் மாணவர் விடுதி ஒன்றைப் பைன் ஸ்ட்ரீட் இன் காப்பகத்துக்குத் திறந்துவிட்டதால் அங்கே நெரிசல் தணிந்தது. மருத்துவமனை ஊழியர், நகராட்சி அலுவலர், காப்பக இரவுக் காவலர் மூவரும் ஒரே கூடத்தில் நின்றபோது, எந்த நோயாளி கூட்டத்தைக் கண்டால் பதறுவார், யாருக்குக் கீழ்ப்படுக்கை வேண்டும், எவரிடம் எப்படிப் பேசினால் ஊசி போட்டுக்கொள்வார் என்பதை அறிந்தவர் மூன்றாமவரே. அந்த அறிவுக்குச் சான்றிதழ் இல்லை; அதற்குரிய மரியாதையும் எல்லா இடத்திலும் கிடைக்கவில்லை.

பெருந்தொற்றில் உயிர்களை மிகுதியாகக் காத்தது எது என்று கேட்டால், ஆய்வுகள் சுட்டுவது ஒன்றைத்தான்: தனி அறை. இங்கிலாந்து அரசு 2020 மார்ச் 26ஆம் நாள் உள்ளாட்சிகளுக்குக் கடிதம் எழுதி, தெருவில் படுப்போரையும் பொதுக்கூடக் காப்பகங்களில் இருப்போரையும் சில நாட்களுக்குள் அறைகளுக்குக் கொண்டுவரச் சொன்னது. ‘எல்லோரும் உள்ளே’ என்று அழைக்கப்பட்ட அந்த முயற்சியில் விடுதிகளும் ஹோட்டல்களும் நிரம்பின. 2021 ஜனவரிக்குள் சுமார் 37,000 பேருக்கு உதவி போய்ச் சேர்ந்தது. இந்த நடவடிக்கைகள் முதல் அலையில் 266 மரணங்களையும் 21,092 தொற்றுகளையும் தவிர்த்திருக்கலாம் என்று லான்செட் குழும இதழில் வந்த மாதிரிக் கணக்கு மதிப்பிட்டது. கலிபோர்னியா 2020 ஏப்ரலில் 15,000 ஹோட்டல் அறைகளை இலக்காக வைத்து ஒரு திட்டம் தொடங்கியது. செலவில் 75 சதவீதத்தை மத்திய அரசு ஏற்றது. சியாட்டில் நகர மையத்தின் நெரிசலான காப்பகத்திலிருந்தவர்களை ரென்டனில் ஒரு ஹோட்டலுக்கு மாற்றிய பிறகு நோய்ப் பரவல் கட்டுக்குள் இருந்தது. அங்கே சச்சரவுகளும் அவசர அழைப்புகளும் குறைந்தன என்பதை வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பல வருடங்களாகக் கோபக்காரர் என்று பெயர் வாங்கிய மனிதர், சாத்திக்கொள்ளக் கதவு கிடைத்ததும் அமைதியானார். ஊழியர்களின் பொறுமையையும் அன்பையும் இவ்வளவு காலம் சோதித்தது அவருடைய குணம் மட்டுமல்ல, அவரைப் படுக்கவைத்த விதமும்தான்.

அறைகளுக்கும் ஒரு விலை இருந்தது. மூடிய கதவுக்குப் பின்னால் ஒருவர் போதை மருந்து அதிகமாகிக் கிடந்தால், பக்கத்துக் கட்டிலில் பார்க்க ஆளில்லை. சான் பிரான்சிஸ்கோ நகரில் 2020இல் கொரோனாவால் இறந்தவர்களைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகமானோர் போதை மருந்தால் இறந்தார்கள். குறித்த நேரத்துக்கு ஒவ்வொரு கதவாகத் தட்டிக் குரல் வருகிறதா என்று கேட்பது புதிய பணியானது. பெருங்கூடத்தில் ஒரு பார்வையில் நூறு பேரைக் கவனித்தவர்களுக்கு இது வேறு வகைக் களைப்பு.

நம்பிக்கை எங்கே தன் முழு உயரத்தில் நின்றது என்று யோசிக்கும்போது என் மனம் டொரான்டோவுக்குப் போகிறது. அந்நகரின் மையத்தில் சாங்சுவரி என்ற சிறு கிறிஸ்தவச் சமூகம் தெருவில் வாழ்வோரோடு பல ஆண்டுகளாக உண்டு, பேசி, அடக்கம் செய்து வாழ்ந்துவருகிறது. நகராட்சிக் காப்பகங்களில் கட்டில்கள் நெருக்கமாகக் கிடந்த 2020 ஏப்ரலில், அந்தச் சமூகம் கனடா குடிமை உரிமைகள் சங்கம் உள்ளிட்ட அமைப்புகளோடு சேர்ந்து நகராட்சிமீது வழக்குத் தொடுத்தது. மே மாதம் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது: கட்டில்களுக்கிடையே இரண்டு மீட்டர் இடைவெளி, அடுக்குக் கட்டில்களின் மேல்தட்டில் யாரும் படுக்கக் கூடாது. சொன்னதைச் செய்துவிட்டோம் என்று நகராட்சி ஜூனில் அறிவித்தது. சாங்சுவரியும் கூட்டாளிகளும் அதை ஏற்காமல் மறுபடியும் நீதிமன்றம் போனார்கள். அக்டோபரில் ஒன்டாரியோ உயர் நீதிமன்ற நீதிபதி லோர்ன் சோசின், நகராட்சி ஒப்பந்தத்தை நிறைவேற்றவில்லை என்று தீர்ப்பளித்தார். தெருவோரத்தில் இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் கூட்டம் ஒன்று, கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே எத்தனை அடி என்பதை வழக்காக்கியது. மேலாளரின் கருணைக்கோ ஊழியரின் தியாகத்துக்கோ விட்டுவிடக்கூடாத கணக்கு அது என்று அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். எங்கள் ஊழியர்கள் தைரியசாலிகள் என்று பாராட்டுப் பத்திரம் வழங்கிய பல அமைப்புகளைவிட, தைரியம் தேவைப்படாத அளவுக்கு இடைவெளி கேட்ட இந்தச் சிறு சபை ஊழியர்களுக்கு அதிகம் செய்தது என்று நான் நினைக்கிறேன்.

இந்த விஷயத்தை ஆராய்கிறவர்கள் எதிர்கொள்ளும் ஒரு குறை உண்டு. பேட்டி கொடுப்பவர்கள் வேலையில் தங்கியவர்கள். அழைப்பும் குழுவும் எங்களைத் தாங்கின என்று அவர்கள் சொல்வது உண்மை. அதே அழைப்போடு வந்து, ஒரு மரணத்துக்குப் பிறகு அல்லது ஒரு சண்டைக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டவர்களின் குரல் அங்கே கேட்காது. வியட்நாம் போர் வீரர்களிடம் ஜானதன் ஷே கண்ட அறக்காயம் என்ற கருத்து இங்கே உதவும்: சரி என்று தான் நம்புவதற்கு எதிராக நடக்க வைக்கப்பட்டவரிடம் தங்கிவிடும் புண் அது. இடம் பாதியாகக் குறைக்கப்பட்ட இரவில், குளிரில் நிற்கும் ஒருவரிடம் ‘இன்று படுக்கை இல்லை’ என்று சொல்லிக் கதவைச் சாத்த வேண்டியிருந்தது சாதாரண ஊழியருக்குத்தான். விருந்தோம்பலைத் தன் மதத்தின் உயிராக நினைக்கும் ஒருவருக்கு அந்தக் கதவு எவ்வளவு கனத்திருக்கும்! நம்பிக்கை ஆழமாக இருப்பவருக்கே அந்தக் காயமும் ஆழமாக விழுகிறது. வேலையை விட்டுப் போனவர்களைத் தேடிப்போய்க் கேட்கும் ஆய்வு வந்தால்தான் இந்த வரலாறு முழுமை பெறும்.

2021 ஜனவரி 18 முதல் மாசசூசெட்ஸ் மாநிலம் காப்பகங்களில் தங்குவோருக்கும் ஊழியர்களுக்கும் முதற்கட்டத்திலேயே தடுப்பூசி போடத் தொடங்கியது. இரு தரப்பிலும் தயக்கம் இருந்தது. அரசின்மீது ஐயம் கொள்ளப் பலருக்குப் பழைய காரணங்கள் உண்டு. சுவரொட்டிகளைவிட, அந்த மோசமான ஏப்ரலில் ஓடிப்போகாமல் பக்கத்தில் இருந்த ஆளின் சொல்லே அங்கே எடுபடக்கூடியது. ஊழியர் முதலில் கையை நீட்டினார், பிறகு தங்கியிருந்தவர் நீட்டினார்.

அமெரிக்காவில் பெருந்தொற்று அவசரநிலை 2023 மே 11ஆம் நாள் முடிந்தது. ஹோட்டல் திட்டங்களில் பெரும்பாலானவை அதற்கு முன்னும் பின்னுமாக மூடப்பட்டன. 2020 ஜனவரியில் ஓர் இரவில் எடுத்த கணக்கில் அமெரிக்காவில் வீடற்றோர் சுமார் 5,80,000 பேர். 2024 ஜனவரிக் கணக்கில் அது 7,71,480. இங்கிலாந்தில் தேவாலயக் கூடங்களில் பாய் விரித்து நடத்திய குளிர்காலக் காப்பகங்களில் சில தனி அறைகளுக்கு மாறின. சில பழைய கூடத்துக்கே திரும்பின. பல அமெரிக்க நகரங்களில் பெருங்கூடங்களில் கட்டில்கள் மறுபடி நெருக்கி வரிசையாகப் போடப்பட்டிருக்கின்றன. இரவுப் பணிக்கு ஆள் கிடைப்பதில்லை என்று மேலாளர்கள் சொல்கிறார்கள். அந்த வேலைக்கு என்ன சம்பளம், காய்ச்சல் வந்தால் விடுப்பு உண்டா, கட்டில்களுக்கு நடுவே எத்தனை அடி என்று வேலை கேட்டு வருகிறவர்கள் இன்று முதலிலேயே கேட்கட்டும். அந்தக் கேள்விகளைக் கேட்பவருக்கும் அழைப்பு உண்டு.